வரைபடத்தில் 45 கி.மீ... மலையில் எத்தனை மணி நேரம்?

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் போதும். நடுவில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் போனால் எத்தனை நிமிடம் என்று நொடியில் பதில் சொல்லும் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன ஊர், போலந்தில் இன்னொரு சின்ன ஊர் என்று கேட்டாலும் சளைக்காமல் சொல்லும். அந்த இரண்டு ஊரிலும் விமான நிலையம் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை!

எப்படிச் சொல்கிறது? சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொரு ஊருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் உண்டு. பூமியை 6,371 கி.மீ. ஆரம் கொண்ட உருண்டையாக வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளத்தைக் கணக்குப் போடுகிறது. பள்ளி முக்கோணவியல் தெரிந்தவர்களே போடக்கூடிய கணக்குதான். கிடைத்த தூரத்தை ஒரு பயணிகள் விமானத்தின் சராசரி வேகத்தால், மணிக்கு 800 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், வகுத்தால் ‘விமான நேரம்’ வந்துவிடும். அவ்வளவுதான்.

இதே கணக்கை நம்ம ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். ஜவ்வாது மலையின் மேலே இருக்கும் ஜமுனாமரத்தூருக்கும், அதன் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலைக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 45 கி.மீ. விமான நேரம் மூன்றரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் பஸ் பிடித்துப் போளூர் வழியாகப் போனால் சுமார் 80 கி.மீ. போளூர் வரை சமவெளி. அதற்கு மேல் மலைப்பாதை. ஏறி இறங்குவதற்குள் அரை நாள் போய்விடும்.

காக்கை பறக்கிற தூரத்துக்கும் மனுஷன் போகிற தூரத்துக்கும் உள்ள இந்த இடைவெளி எல்லா ஊரிலும் உண்டுதான். சமவெளியில் அது சின்ன வித்தியாசம். மலையில் அதுவே உயிர்ப் பிரச்சினை. நம் அரசுத் திட்டங்களின் விதிகளில் பலவும் ‘எத்தனை கிலோமீட்டர்’, ‘எத்தனை பேர்’ என்றுதான் கேட்கின்றன, ‘எவ்வளவு நேரம்’ என்று அபூர்வமாகத்தான் கேட்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் புகார்.

பாதை ஏன் சுற்றுகிறது?

மலைச்சாலை போடும் பொறியாளருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நூறு மீட்டர் நீளத்துக்கு ஐந்து, ஆறு மீட்டருக்கு மேல் சாலை உயரக்கூடாது. அதற்கு மேல் செங்குத்தானால் பாரம் ஏற்றிய வண்டி மேலே ஏறாது, இறங்கும்போது பிரேக் நிற்காது. இப்போது கணக்கைப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில் ஒரு கிராமம் இருக்கிறது. நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் ஏற வேண்டுமானால் 12 கி.மீ. நீளத்துக்குச் சாலை வேண்டும். வரைபடத்தில் அந்தக் கிராமம் அடிவாரத்திலிருந்து 4 கி.மீ. தள்ளித்தான் இருக்கும். அந்த 4 கிலோமீட்டருக்குள் 12 கிலோமீட்டர் சாலையை மடித்து மடித்து வைக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் வருவது இதனால்தான், அழகுக்காக யாரும் போடுவதில்லை.

சாலையே இல்லாத கிராமத்துக்கு? ஒற்றையடிப் பாதை செங்குத்தாக ஏறும், அதனால் தூரம் குறையும். ஆனால் நேரம் குறையாது. இதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித் என்ற மலையேற்றக்காரர் 1892இல் சொன்னது. மூன்று மைலுக்கு, அதாவது சுமார் 5 கிலோமீட்டருக்கு, ஒரு மணி நேரம். அது தவிர, ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும், அதாவது சுமார் 600 மீட்டருக்கும், இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். மலை ஏறுபவர்கள் இன்றும் இதைத்தான் கைக்கணக்காக வைத்திருக்கிறார்கள். 10 கி.மீ. பாதை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டும் ஒன்றும் மூன்று மணி நேரம்.

இது யாருக்கு? நல்ல உடற்கட்டு உள்ள, கையில் சுமையில்லாத, பகலில் நடக்கிற ஆளுக்கு. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைக் கம்பில் டோலி கட்டி, நான்கு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி, மழையில் வழுக்கும் பாறை மேல் தூக்கி வரும் நேரத்துக்கு நைஸ்மித்திடம் கணக்கு இல்லை.

அல்லேரி

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் அல்லேரி மலையும் இந்த மலைத்தொடரைச் சேர்ந்ததுதான். அங்கே அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமம். 2023 மே மாத இறுதியில், இரவு தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. உடற்கூறாய்வு முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், சாலை முடிந்த இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. அதற்கு மேல் வண்டி போகாது. குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு தாய் நடந்தார். சுமார் 10 கி.மீ. என்று செய்திகள் சொல்லின.

அந்தப் படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. அதிகாரிகள் மலையேறினார்கள், சாலைக் கோப்பு நகர்ந்தது. ஆனால் அந்தச் செய்தியை நாம் படித்த விதத்தில் ஒரு பிசகு இருந்தது என்று நினைக்கிறேன். எல்லாரும் தாய் உடலைச் சுமந்து ஏறிய தூரத்தைப் பேசினார்கள். அது மனதை அறுக்கிற காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தையின் உயிர் போனது ஏறும்போது இல்லை, இறங்கும்போது. விஷம் உடம்பில் ஏறிய நிமிடத்திலிருந்து நஞ்சு முறிவு மருந்து கிடைக்கும் நிமிடம் வரைக்குமான நேரம்தான் அங்கே கேள்வி. நல்ல பாம்பு, கட்டுவிரியன் போன்றவற்றின் விஷம் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துவது. சிறு குழந்தைக்கு அவகாசம் இன்னும் குறைவு. பாம்பு கடித்தவர் ஓடக்கூடாது, உடம்பை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பாதையே இல்லாத மலையில் அசையாமல் எப்படிக் கொண்டுபோவது?

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனி அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் பாம்புக்கடி பற்றித் தகவல் தர வேண்டும். நல்ல முடிவு. அந்தப் படிவத்தில் கடித்த நேரம், மருத்துவமனை வந்த நேரம் இரண்டையும் ஒழுங்காக எழுதி, ஊர்வாரியாகத் தொகுத்தாலே போதும். எந்த மலைக்கிராமத்திலிருந்து கீழே வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தனியாக ஆய்வு நடத்த வேண்டியதில்லை.

வாகனம் இருந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு பக்கம், மலைக்கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். பாதை என்று பெயருக்கு ஒன்று இருப்பதும், பத்திரமாகப் போய்வரும் பாதை இருப்பதும் வேறு வேறு. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே கோடுதான்.

அளப்பதில் நமக்குக் குறையில்லை

இத்தனைக்கும் இந்த வட்டாரம் அளவுக்குப் பேர்போனது. பக்கத்து மாவட்டமான தருமபுரியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைல்கல். நாவற்தாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் சொல்லிவிட்டு, கீழே இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சின்னக் குழிகளையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் தடவிப் பார்த்தே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு அதிகாரிக்கு வழிப்போக்கன் மேல் இருந்த அக்கறை அது.

இன்னொன்று. தமிழில் ‘நாழிகை வழி’ என்று ஒரு பழைய அளவு உண்டு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்தில் நடந்து கடக்கும் தூரம் ஒரு நாழிகை வழி. தூரத்தை நேரத்தால் அளக்கும் அளவு இது. கிலோமீட்டர் வந்த பிறகு இது அகராதிக்குள் போய்விட்டது. ‘கூப்பிடு தூரம்’ மட்டும் இன்னும் பேச்சில் மிஞ்சியிருக்கிறது.

பிரிட்டிஷ்காரர்களின் நில அளவையும் நம்மிடமிருந்துதான் புறப்பட்டது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். அவர்களுக்கு மலை என்பது வரப்பிரசாதம். உச்சியில் நின்றால் அடுத்த உச்சி தெரியும், கோணம் அளக்கலாம். மலை உச்சிக்கும் மலை உச்சிக்கும் நேர்கோடு போட்டுத்தான் நம் வரைபடங்களே உருவாயின. அந்த நேர்கோட்டுப் புத்தி இன்னும் நம் அலுவலகங்களை விட்டுப் போகவில்லை.

அதே ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், ஆலங்காயம் பக்கம் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986இல் அங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த 1977 ஆய்வுகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. நகர வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான் விஞ்ஞானிகள் அந்த மலைக்கு வந்தார்கள். இருட்டும் தனிமையும் அவர்களுக்குத் தேவையாக இருந்தன. அதே மலையில் வசிக்கும் மலையாளி பழங்குடி மக்களுக்கு அவை தேவைப்படவில்லை, தலையில் விழுந்தன.

விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டம் 2000இல் தொடங்கியது. சமவெளியில் 500 பேர் வசிக்கும் குடியிருப்புக்குச் சாலை. மலை மாநிலங்கள், அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் போன்றவற்றில் 250 பேர் இருந்தாலே போதும் என்று சலுகை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு மலை மாநிலம் இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. ஜவ்வாது மலையின் குடியிருப்புகளோ முப்பது வீடு, ஐம்பது வீடு என்று சிதறிக் கிடப்பவை. 2023இல் வந்த பிரதமர் ஜன்மன் திட்டம் இன்னும் சின்னக் குடியிருப்புகளுக்கும் சாலை தருகிறது. அது மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படிப் பட்டியலிடப்பட்டவை ஆறு. மலையாளி பழங்குடியினர் அந்த ஆறில் இல்லை.

ஒரு விஷயத்தைப் பாராட்ட வேண்டும். சாலை எட்டாத குடியிருப்பு எது என்று வரையறுக்கும்போது, சமவெளிக்கு 500 மீட்டர் என்று சொல்லும் அதே திட்டம், மலைக்கு மட்டும் ‘பாதைத் தூரம்’ 1.5 கி.மீ. என்று எழுதியிருக்கிறது. மலையில் நேர்கோடு செல்லாது என்று யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது! 2017 தேசிய சுகாதாரக் கொள்கையும், ‘பொன்னான ஒரு மணி நேரத்துக்குள்’ எட்டும்படி மருத்துவமனைப் படுக்கைகள் பரவியிருக்க வேண்டும் என்கிறது. ஆக, நேரத்தால் அளக்க வேண்டும் என்ற எண்ணம் தில்லி வரை போயிருக்கிறது. கீழே வரும்போது அது மறுபடியும் கிலோமீட்டராகவும் தலைக்கணக்காகவும் சுருங்கிவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று. அந்த 20,000 பேர் எத்தனை முகடு, எத்தனை ஓடை தாண்டிச் சிதறியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த எண்ணில் இடமில்லை.

அடுத்தது வனம். ‘வனத்துறை அனுமதி கிடைக்கவில்லை’ என்ற பதில் மலைக்கிராமத்தவர் காதில் விழுந்து புளித்துப்போன பதில். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிறது. பிரிவு 3(2). பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, குடிநீர், சாலை உட்பட 13 வகை வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், வன நிலத்தைக் கொடுக்கலாம். நிபந்தனை இரண்டு: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது.

இங்கேதான் மலைக் கணக்கு மறுபடியும் இடிக்கிறது. ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். ஓரத்து வடிகாலையும் சேர்த்து 5 மீட்டர் அகலம் என்று வைத்தால் 2 கிலோமீட்டர் சாலையோடு ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். முன்னால் பார்த்தோமே, 600 மீட்டர் ஏற 12 கி.மீ. வேண்டும் என்று? அந்தச் சாலை காட்டுக்குள்ளேயே போனால் 6 ஹெக்டேர். வாசல் திறந்துதான் இருக்கிறது, ஆள் நுழைய முடியாது. பிறகு 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு வரை கோப்பு போக வேண்டும். மாற்று நிலம், இழப்பீட்டுக் காடு வளர்ப்பு என்று வருடங்கள் ஓடும். மாவோயிஸ்ட் பாதிப்பு உள்ள மாவட்டங்களுக்கு மட்டும் இந்த விதியில் தனித் தளர்வு கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி எடுத்தால்தான் சாலை வரும் என்று ஒரு மலைக்கிராமத்து இளைஞன் நினைத்துவிட்டால் அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

காட்டை என்ன செய்வது?

‘எல்லா மலைக்கும் தார்ச்சாலை போட்டால் காடு என்னாகும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சந்தன மரத்துக்குப் பேர்போன இந்த மலையில் கடத்தல் என்ன செய்துவிட்டுப் போனது என்பது வட்டாரத்துக்கே தெரியும். சாலை வந்த மலைகளில் மனை விற்பவரும் சொகுசு விடுதிக்காரரும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஏறிவிடுகிறார்கள். அதனால் ‘எல்லா ஊருக்கும் இருவழிச் சாலை’ என்பது என் கோரிக்கை இல்லை.

நேரத்தை அளவாக வைத்துக்கொள்வதில் உள்ள நன்மையே இதுதான். கிலோமீட்டரைக் குறைக்க ஒரே வழி, சாலை. நேரத்தைக் குறைக்கப் பல வழி. நோயாளியைச் சீக்கிரம் கீழே கொண்டுவரலாம், அல்லது மருந்தை மேலேயே வைக்கலாம். ஜீப் போகிற அளவுக்குக் கல் பாவிய பாதை, பாதை முடிகிற இடத்தில் இரவிலும் நிற்கும் ஒரு வண்டி, நஞ்சு முறிவு மருந்தும் அதைக் கையாளத் தெரிந்த செவிலியரும் மலை மேலேயே, செல்போன் சிக்னல். இவற்றில் எது எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தைக் குறைக்கும் என்று பார்த்துச் செலவழிக்கலாம். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. ஆனால் சிக்னலே இல்லாத ஊரில் 108க்கு அடிக்கவே ஒருவர் அரை மணி நேரம் முகடு ஏற வேண்டும் என்றால், அந்த அரை மணி நேரமும் தூரத்தில் சேர்த்திதான்.

ஐரோப்பாவைச் சொல்லித் தொடங்கினோம், அங்கேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுக்கூட்டம். அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நம்ம பாப்பா இல்லை!) இரண்டு தீவின் விமானத் தளங்களுக்கும் நடுவில் வெறும் 2.7 கி.மீ. அந்த இரண்டு தீவுக்கும் இடையே 1967 முதல் தினசரி விமானம் பறக்கிறது. உலகிலேயே மிகக் குறுகிய விமான சேவை இதுதான். பயண நேரம் ஒன்றரை நிமிடம். காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறங்கிவிடும். எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். பாப்பா வெஸ்ட்ரேயில் வசிப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. லாபம் பார்த்தால் ஒரு நாள்கூட ஓடாது. அரசு மானியத்தில் ஓடுகிறது. ஆசிரியர், மருத்துவர், நோயாளி எல்லாம் அதில்தான் போய் வருகிறார்கள்.

2.7 கி.மீ. என்றால் ‘பக்கத்து ஊர்தானே, போய்க்கலாம்’ என்று வரைபடத்தைப் பார்த்து அந்த அரசு சொல்லவில்லை. நடுவில் கடல் இருக்கிறது, படகு குளிர்கால அலையில் நம்பகமில்லை என்று பார்த்தது. பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று சொல்லலாம். ஜவ்வாது மலைக்கு யாரும் விமானம் கேட்கவில்லை. ஜீப் பாதையும் ஊசி மருந்தும்தான் கேட்கிறார்கள்.

செய்ய வேண்டிய முதல் வேலைக்குப் பெரிய பணம்கூடத் தேவையில்லை. மலையில் உள்ள ஒவ்வொரு குடியிருப்புக்கும், பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் சிகிச்சை தரக்கூடிய மருத்துவமனையைச் சென்றடைய ஆகும் நேரத்தை நடந்து, வண்டியில் போய், உண்மையாக அளந்து பதிவுசெய்ய வேண்டும். வெயில் காலப் பகலில் ஒரு எண், ஐப்பசி மழை இரவில் ஒரு எண். ஊராட்சி அலுவலகச் சுவரில் அதை எழுதிப் போடலாம். கிராம சபையில் வாசிக்கலாம். சாலை நிதி, செவிலியர் பணியிடம், ஆம்புலன்ஸ் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் அதுவே வரிசை எண்ணாக இருக்கட்டும்.

இதை ஒரு மாவட்ட நிர்வாகம் மட்டும் செய்தால் பாதிதான் நடக்கும். ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. 2019இல் வேலூரைப் பிரித்துத் திருப்பத்தூரை உண்டாக்கியபோது மலை மேல் இன்னொரு கோடு விழுந்தது. ஒரு மாவட்டத்துக் குடியிருப்புக்கு மிக அருகில் இருக்கும் மருத்துவமனை அடுத்த மாவட்டத்தில் இருக்கலாம், அங்கே போகும் ஒரே பாதை மூன்றாவது மாவட்டத்து வனச்சரகத்துக்குள் போகலாம். மூன்று ஆட்சியர்களும் வனத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் போட வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிக்கக்கூடிய வேலைதான் இது.